தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் பாஸ்போர்ட்

சின்னப்பா,

நான் சௌக்கியம், நீ சௌக்கியமா என்று எழுதி ஆரம்பிக்க எனக்கு இன்றைக்குத் தெம்பில்லை. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, விழுப்புரத்து வெயிலும் அப்படியேதான் காய்கிறது, அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேற்று சாயங்காலம் உன் பெண்டாட்டி போன் பண்ணினாள். நீ வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பண்ணியிருக்கிறாள், பாவம். பிள்ளை பிறந்து மாதம் ஒன்று தாண்டிவிட்டது, நீ இன்னும் அதன் பிறப்பைப் பதியவில்லையாம். துபாய் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாயாம். பதியாமல் பாஸ்போர்ட் கிடையாது, பாஸ்போர்ட் இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வரவும் முடியாது. "பேர் இன்னா வெக்கலாம்னு கேட்டா, அப்பால பாத்துக்கலாம்னு சொல்றாரு அத்தை. மறுபடி கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கினு போயிட்றாரு" என்று அழுதாள். பச்சை உடம்புக்காரி அழக் கூடாது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நீ ஏன் இப்படிப் பண்ணுகிறாய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன தடவை பிள்ளை பிறந்த மறுநாளே ஓடிப்போய்ப் பதிந்தாய். கயல்விழி என்று பேர் எழுதினாய். எழுதிவிட்டு எனக்குப் போன் பண்ணி, "எல்லாம் முடிஞ்சுதும்மா, இனிமே பாஸ்போர்ட்தான் பாக்கி" என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். அந்த வாரம் முடிவதற்குள் அதே ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று இன்னொரு காகிதம் எழுதிக் கொடுக்கும்படி ஆயிற்று. அவசரப்பட்டுப் பேர் எழுதினதால்தான் போனாள் என்று உனக்குள்ளே ஒரு நினைப்பு உட்கார்ந்துகொண்டிருக்கிறது. படித்தவன், இஞ்சினியர், வெளியில் சொல்ல வெட்கம். அதனால் பூட்டு போட்டு வைத்திருக்கிறாய். டேய், இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று வெளியில் போய்த் தேட வேண்டாம். என்னிடமிருந்துதான் வந்தது. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். நீளமாகத்தான் இருக்கும், நடுவில் எழுந்து போகாமல் படி.

சின்ன வயசில் உன்னைச் சீண்டவேண்டும் என்றால் உன் அப்பா, "உன்னை நாங்க பெக்கலைடா, தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார். நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருவாய். நான், "அப்படியெல்லாம் இல்லை கண்ணு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நீ கவனித்திருக்கிறாயோ என்னவோ. எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அழவைக்கச் சொல்கிற கேலிதான் அது. நம் வீட்டில் மட்டும் கேலி இல்லை. நிஜமாகவே உன்னைத் தவிட்டுக்கு விற்றேன். வாங்கினவள் அந்தோணியம்மா. உன் கல்யாணத்தில் மேடைமேல் ஏறி, ஐயரையே கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, உன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு இறங்கினாளே, பெரியம்மா பெரியம்மா என்று நீ கூப்பிடுவாயே, அவளேதான்.

உனக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், அடுத்தது ஆண். இரண்டும் பிறந்தது உன் மாமன் வீட்டில். அப்பா அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அதுதான். பனமலை ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சையும், மேட்டில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுகிற கொல்லையும் வைத்துக்கொண்டு என் அண்ணன் பயிர் பண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகளில் ஒன்றுகூடக் குப்புற விழுகிற வயசுக்கு வரவில்லை. ஒன்றுக்கு ஜுரம். ஒன்றுக்கு என்ன வந்தது என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை, காலையில் பால் குடித்தது, சாயங்காலம் இல்லை. உன் அப்பாவுக்குப் பினாங்கு துறைமுகத்தில் வேலை. லீவில் வருவார், போவார். ஒரு கடிதத்தில் பிள்ளை பிறந்தது என்று படிப்பார், அடுத்த கடிதத்தில் போய்விட்டது என்று படிப்பார். இரண்டு முகத்தையும் அந்த மனுஷன் பார்க்கவில்லை. பார்த்தவள் நான். எனக்கு அது அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று இந்த வயசிலும் தெரியவில்லை.

மூன்றாவதாக நீ பிறந்தாய். பிள்ளை தங்காத வீட்டில் பிறக்கிற குழந்தையை, நிறையப் பெற்று எல்லாவற்றையும் நல்லபடியாக வளர்த்தவளுக்கு விற்றுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். விலை தவிடுதான். வேறு எதுவும் வாங்கக் கூடாது. பிள்ளையை எடுத்துப்போக வருகிறவன், இது இவள் பிள்ளை இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்த வழியே போய்விடுவானாம். எங்கள் தெருவுக்குப் பின்னால் கோயில் தெருவில் அந்தோணியம்மா இருந்தாள். கோயில் என்றால் அவர்களுடைய மாதா கோயில். வீட்டுக்காரர் சவரிமுத்து கொத்தனார் வேலை செய்தார். அவளுக்கு வீடு நிறையப் பிள்ளைகள், ஒன்றுக்குச் சளி பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை. வேதக்காரி, இதற்கெல்லாம் ஒப்புவாளா என்று உன் மாமன் தயங்கித் தயங்கித்தான் போய்க் கேட்டான். அவள் உடனே தலையை முடிந்துகொண்டு, ஒரு படி தவிட்டை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உன்னை முறத்தில் கிடத்தி வாசற்படிக்கு வெளியே நீட்டினார்கள். தவிட்டைக் கொட்டிவிட்டு உன்னை அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவளிடம் பால் இருந்தது, அங்கேயே நின்றபடி கொடுத்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள். "இந்தா, இது எம் புள்ள. உங்கிட்ட வளக்கக் குடுக்கறேன். நல்லா வளத்துக் குடு, இன்னா?" என்றாள். நான் சரிம்மா என்றேன். கூலிக்காரி முதலாளியம்மாவிடம் சொல்வது மாதிரிதான் சொன்னேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. யார் வந்து கேட்டாலும், "அந்தோணியம்மா பிள்ளை, வளர்க்கக் கொடுத்திருக்கிறாள்" என்பேன். தெரியாதவர்கள் நம்பினார்கள், தெரிந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். உன்னைக் கொஞ்சுவதில்லை. கண்ணே மணியே என்பதில்லை. பேரும் வைக்கவில்லை. "அது அழுவுது", "அதுக்குப் பசிக்குது" என்றுதான் சொல்வேன். பால் கொடுக்கும்போதுகூட உன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுப்பேன். உன் மாமனுக்கு அது பிடிக்காது. "பெத்தவளா நீ? கன்னுக்குட்டிக்கு மாடு கூட நக்கிக் குடுக்குது" என்று கத்துவான். கத்திக்கொள் என்று இருந்துவிடுவேன். அந்தோணியம்மா மட்டும் தினம் சாயங்காலம் கேப்பைக் களி கிண்டிவிட்டு வந்து, உன்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்து, "சின்னப்பா, எங்கப்பா" என்று ஊரே கேட்கக் கொஞ்சுவாள். அவளுடைய மாமனார் பேர் அது. வாங்கினவள் கொஞ்சலாம், அவளுக்குத் தடை இல்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமையாக இருக்கும். சொன்னால் என்ன, பொறாமைதான்.

நீ தவழ ஆரம்பித்த சமயம் உன் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. மலாயாவில் சட்டத்தை மாற்றப் போகிறார்களாம், பெண்டாட்டி பிள்ளைகளை இப்போதே அழைத்துக்கொள்ளாதவர்களுக்கு அப்புறம் கதவு அடைத்துவிடுமாம், உடனே புறப்படு என்று எழுதியிருந்தார். எனக்கு ஒரு பாஸ்போர்ட், பிள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட். கைக்குழந்தையை அம்மா புத்தகத்திலேயே சேர்ப்பதும் உண்டு, ஆனால் அங்கே அவருக்கு மனு எழுதிக் கொடுத்தவர் பிள்ளைக்குத் தனியாகவே எடுத்துவிடுங்கள், பின்னால் தொல்லை இருக்காது என்றாராம். அதற்குப் பிறப்பு நகல் வேண்டும். ஊர் மணியக்காரர் எழுதுகிற பிறப்பு இறப்புப் புத்தகம் தாலுக்கா கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் நகல் வாங்க நானும் உன் மாமனும் உன்னைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம். உன் அப்பாவோடு ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல இருந்ததே இல்லை எனக்கு. இந்தத் தடவை அது நடக்கும், பிள்ளை முகத்தையும் அவர் பார்ப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

கச்சேரியில் குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார். "ஆண் குழந்தை. அப்பா பேரு சவரிமுத்து, அம்மா பேரு அந்தோணியம்மாள். நீ சொல்ற மாசத்துல உங்க ஊர்ல பொறந்தது இது ஒண்ணுதான். உம் பேர்ல ஒண்ணும் இல்லியேம்மா" என்றார். உன் மாமன் எகிறினான். "இன்னா சார் சொல்றீங்க, எந் தங்கச்சி பெத்தது ஊருக்கே தெரியும்!" என்றான். "ஊருக்குத் தெரிஞ்சா போதுமாய்யா? புஸ்தகத்துக்குத் தெரியணுமில்ல?" என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பி, மடியில் இருந்த உன்னைக் காட்டி, "ஏம்மா, இந்தக் குழந்தை யார்து?" என்று கேட்டார். வாய் தானாகத் திறந்துகொண்டது. "அந்தோணியம்மா பிள்ளைங்க" என்றேன். உன் மாமன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் அடுத்த மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி இருந்தது. குமாஸ்தா புத்தகத்தை மூடினார். இனிமேல் இதை மாற்ற வேண்டுமானால் திண்டிவனத்துக் கச்சேரியில் மனு போட்டு, பெரிய அதிகாரி விசாரித்து உத்தரவு போட வேண்டும், இங்கே யாராலும் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது என்றார். பஸ்ஸில் வரும்போது உன் மாமன், "ஒரே ஒரு வார்த்தை, எம் புள்ளன்னு சொல்லித் தொலைக்கக் கூடாது? சரியான பேஜாராப் போச்சு உங்கிட்ட" என்று புலம்பிக்கொண்டே வந்தான். 

ஊருக்கு வந்ததும் நேராக மணியக்காரர் வீட்டுக்குப் போனோம். பெரிய மனுஷர், என் அப்பா வயசு. உன் மாமன் வாசலிலேயே நின்றுகொண்டு, பிறப்பைச் சொல்ல வந்த தலையாரி தப்பாகச் சொன்னானா, உங்களுக்குக் காதில் தப்பாக விழுந்ததா என்று கேட்டான். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "தலையாரி சரியாத்தாம்மா சொன்னான். நான்தான் மாத்தி எழுதினேன். ரெண்டு வாட்டி உம் பேர்ல பொறப்பு எழுதினேன். ரெண்டு வாட்டியும் அதே கையால சாவு எழுதினேன். மூணாவது வாட்டி உம் பேரை எழுதப் போனா பேனா எழும்பல. ஊரே அந்தோணியம்மா புள்ளன்னு சொல்லிக்கினு இருக்குது, நானும் அப்படியே எழுதிட்டா போவுதுன்னு எழுதிட்டேன். கச்சேரி வரைக்கும் போவும், கப்பல் வரைக்கும் போவும்னு நான் இன்னாத்தக் கண்டேன்?" என்றார். உன் மாமனுக்குக் கோபம் அடங்கவில்லை, முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கோபமே வரவில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிற ஒரு மனுஷர், தன் வேலை போனாலும் போகட்டும் என்று என் பிள்ளையைப் புத்தகத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். இப்போது நான் போய் அந்த ஒளிப்பிடத்தைத் திறந்து காட்ட வேண்டும். அதற்குத்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

திண்டிவனத்துக்கு எத்தனை நடை நடந்தோம் என்று கேட்காதே. மனு எழுதிக் கொடுக்க ஒரு நடை. அதில் ஒட்டின முத்திரை போதாது என்று ஒரு நடை. அதிகாரி கேம்ப் போயிருக்கிறார், கேம்பிலிருந்து வந்துவிட்டார், ஆனால் இன்றைக்கு வேறு விசாரணை, இப்படியே போயிற்று. கச்சேரி வெளி வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்து உட்கார்ந்து என் புடவையில் சுண்ணாம்பு ஒட்டாத இடம் இல்லை. நீ அழுவாய், பால் கட்டிக்கொண்டு மாரெல்லாம் வலிக்கும், ஆம்பிளைகள் நடமாடுகிற இடம், புளியமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு கொடுத்துவிட்டு ஓடிவருவேன், அதற்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று. இதற்கு நடுவில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வேண்டும். சின்னக் குழந்தையைப் போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அதற்கும் பயந்து நடுங்கினேன். விழுப்புரம் ஸ்டுடியோக்காரன், "ஜல்தி ஆவட்டும்மா, இன்னும் நாலு பேரு நிக்கறாங்க" என்று விரட்ட, திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் பெரிதாக வைத்து உன்னை உட்காரவைத்தேன். அந்தப் போட்டோவில் பாதிக் கன்னம் கறுப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு நீ அடிக்கடி சிரிப்பாயே, அது அன்றைக்கு எடுத்தது. உன் அப்பாவின் கடிதங்கள் ஒன்றைவிட ஒன்று அவசரமாக வந்துகொண்டிருந்தன. கடைசியில் ஒன்று, பிள்ளைக்குக் காகிதம் கிடைக்காவிட்டால் அண்ணனிடம் விட்டுவிட்டு நீ மட்டுமாவது வா, அப்புறம் அழைத்துக்கொள்ளலாம் என்று வந்தது. அதைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

விசாரணை நாளும் வந்தது. நான், உன் மாமன், மணியக்காரர், அந்தோணியம்மா நான்கு பேரும் போனோம். அதிகாரி சின்ன வயசுக்காரர், வேற்று ஜில்லாவிலிருந்து வந்தவர், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். முதலில் மணியக்காரரைக் கேட்டார். "தெரிந்தே தப்பாக எழுதினீரா?" "தெரிஞ்சேதானுங்க." "தெரியாமல் எழுதினேன் என்று சொல்லலாமே?" "அது பொய்ங்களே" என்றார் அவர். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தோணியம்மாவைக் கூப்பிட்டார். "இது உன் குழந்தையா?" "வாங்கினது நானுங்க, பெத்தது அவ" என்றாள். "ரெண்டில் ஒன்று சொல்லம்மா." "ரெண்டும் நெசந்தானுங்களே. யேசு சாமி மேல சத்தியம் வெச்சுட்டு, ஒண்ண மட்டும் எப்படிங்க சொல்றது?" என்று திருப்பிக் கேட்டாள். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "சரி, பெற்றவளே சொல்லட்டும்" என்று என்னைப் பார்த்தார். "இது உன் குழந்தையா அம்மா?"

எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, சொன்னால்தான் கப்பல் என்று தெரிகிறது, என் அண்ணன் பின்னாலிருந்து முதுகில் குத்துவதும் தெரிகிறது. வரவில்லை. உன்னை முறத்தில் நீட்டின நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னதில்லை. சர்க்கார் கச்சேரியில், இத்தனை பேர் நடுவில், ஒரு அதிகாரி எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டால், கேட்கக் கூடாதவன் காதிலும் விழுந்துவிடும் என்று எனக்குப் பயம். சிரிக்காதே. நீ இப்போது அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற பயமும் இதேதான், மேலே இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதிகாரி, "பெற்றவளே சொல்லாவிட்டால் நான் எதை வைத்து உத்தரவு போடுவது? வெளியில் போய் யோசித்துவிட்டு வாருங்கள். மத்தியானத்துக்கு மேல் எனக்கு நேரமில்லை" என்று காகிதத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்து தூணோரம் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமன், "நீ மட்டும் போ பினாங்குக்கு, புள்ள இங்கியே இருக்கட்டும், வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போய்விட்டான். அந்தோணியம்மா என் எதிரில் குந்தினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டத்தான் செய்தாள். "அறிவுகெட்டவளே, எங்க சாமியார் காதுல வுழுந்தா என்னைக் கோயிலுக்குள்ளயே சேக்கமாட்டாரு. உனுக்கோசரம்தான் தவிடு குடுத்தேன். இம்மா தூரம் வந்து வாயை மூடிக்கினு நிக்கறே?" என்றாள். நான், சொன்னால் போய்விடுவான் அந்தோணியம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி அழுதேன். அவள் உன்னை என் மடியிலிருந்து வாங்கி மூக்கைத் துடைத்துவிட்டாள். அப்புறம் சொன்னாள். "தோ பாரு. நீ உள்ள போயி எம் புள்ளன்னு சொல்லு. வர்றவன் வந்தான்னா எங்கிட்ட வரட்டும். வாங்கினவ நான் இருக்கேன் இல்ல? நான் பதில் சொல்லிக்கறேன். நீ இன்னாத்துக்குக் கவலைப்படறே?"

யோசித்துப் பார். அவள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். வருகிறவன் தன் வாசலுக்கு வரட்டும் என்று எந்தப் பெண்பிள்ளையாவது சொல்வாளா? அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லாததால் சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று உன் மாமன் பிற்பாடு சொல்வான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லிவிட்டு அவள் தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

எழுந்து உள்ளே போனேன். கூப்பிடுவதற்காகக் காத்திருக்கவில்லை. "எம் பிள்ளைங்க. நான்தான் பெத்தேன்" என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. எழுதுகிறவர் எழுதினார். எழுதிவிட்டு, "பேரு?" என்றார். பேர் இல்லை என்றேன். அதிகாரி தலையைத் தூக்கி, "பேர் இல்லாத குழந்தைக்குப் பாஸ்போர்ட்டில் என்னவென்று எழுதுவார்கள்? புத்தகத்தைத் திருத்தும்போதே பேரையும் சேர்த்துவிடுகிறேன், சொல்லுங்கள்" என்றார். உன் அப்பா வீட்டுத் தாத்தா பேர் இருந்தது, எங்கள் குலசாமி பேர் இருந்தது. எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. உன்னை நாள்தோறும் ஒருத்தி கூப்பிட்டு நீ திரும்பிப் பார்த்த பேர் ஒன்றுதான் இருந்தது. சின்னப்பன் என்றேன். உன் மாமன், "அய்யய்யோ, அது வேதக்காரங்க பேரு" என்று காதருகில் வந்து சொன்னான். எழுதியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நீ எந்த மதம் என்று கேட்டு வாத்தியார் குழப்பினதாக வந்து அழுதாயே, அதற்குக் காரணம் இதுதான். சொல்லிவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. நீ அதிகாரியின் மேஜையில் இருந்த மசிக்கூட்டைப் பிடிக்க எட்டிக்கொண்டிருந்தாய்.

உத்தரவு வந்தது, நகல் வந்தது, சென்னைக்கு எழுதிப்போட்டுப் பாஸ்போர்ட்டும் வந்தது. மணியக்காரருக்கு மெமோ கொடுத்துக் கொஞ்ச காலம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான் போய் முன்னால் நின்றபோது, "போம்மா போம்மா, எனக்கும் கண்ணு சரியாத் தெரியல, ஓய்வு குடுத்தாங்கன்னு வெச்சுக்கறேன்" என்றார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். பினாங்கில் உன் அப்பா உன்னைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் கீழே விடவே இல்லை. பயம் போயிற்றா என்று கேட்டால், போகவில்லை. கப்பலில் நீ ஒரு தும்மல் போட்டால் நான் செத்துப் பிழைப்பேன். இப்போது உனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. இன்னமும் நேரம் கெட்ட நேரத்தில் போன் மணி அடித்தால் சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். அதனால், பயம் போன பிற்பாடு எழுதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்காதே. அது போகாது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் எழுத வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன் போலிருக்கிறது. கை வேறு வலிக்கிறது. முதல் பெண்ணுக்குப் பேர் எழுதினது தப்பு என்று நினைக்கிறாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் பேர் கிடையாது. மணியக்காரர் புத்தகத்தில் பெண் என்றும் ஆண் என்றும் மட்டும்தான் இருக்கிறது. கொஞ்ச நாள் போகட்டும், தங்கினால் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம். பேர் வைக்கவில்லை, அதனால் பிழைத்ததா? அப்படியும் போய்விட்டது. இத்தனை வருஷமாக நான் அவற்றை நினைத்து அழாத மாதம் இல்லை. ஆனால் என்ன சொல்லிக் கூப்பிட்டு அழுவது? மூத்தது என்பேன், ரெண்டாவது என்பேன். அப்படி யாராவது அழுவார்களா? உன் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் தினம் விளக்கு ஏற்றும்போது கயல்விழி என்று என்னால் சொல்ல முடிகிறது. நீ எழுதினாயே, அதனால். அவளுக்கு நீ செய்தது அது ஒன்றுதான், அது சரியாகத்தான் செய்தாய்.

இது கைக்குக் கிடைத்த மறுநாள் காலையில் லீவு போட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றோடு போகாதே, அங்கே எத்தனை நேரம் நிற்க வைப்பார்களோ. தங்குகிறாளா பார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைக்காதே. பிறந்துவிட்டாள், அதை எழுது. பேர் உன் பெண்டாட்டிக்குப் பிடித்ததாக இருக்கட்டும். எழுதி முடித்ததும் அங்கிருந்தே போன் பண்ணு. என் பேத்தியைப் பேர் சொல்லி நான் ஒரு தடவை கூப்பிட வேண்டும்.

அம்மா